ஆள் தேவை

போனில் டொக்டர் சொன்னார்,
வவுனியாவில், பேரனின் பிறந்தநாள் சத்தத்துக்கு நடுவில்:
"மங்கையற்கரசி, கண்ணாடியில ஒரு அறிவித்தல் ஒட்டுங்கோ.
தாதி ஒருவர் தேவை. பதிவுச் சான்றிதழ் இருக்கவேணும்.
மூண்டு வருச அனுபவம், அது கட்டாயம்."

மாங்குளம் சந்திக்கு மேற்கே
டயர்க் கடைக்கும் விதைநெல் களஞ்சியத்துக்கும் இடையில்
எங்கள் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரி.
ஒரு கட்டிலில் மருந்துப் பெட்டிகள் படுத்திருக்கின்றன,
ஆக ஒன்பது.

பழைய எக்ஸ்ரே உறையைக் கிழித்து
முதுகில் எழுதத் தொடங்கினேன்.
'அனுபவம்' வரைக்கும் பேனா ஓடியது.

விரல் விட்டு எண்ணினால் எனக்கு
வருசங்கள் வருவதில்லை, இடங்கள்தான் வருகின்றன.
ஆஸ்பத்திரி என்றால் அப்போது
ஒரே ஒரு தகரப் பலகை.
கழற்றி உழவு மெசினில் ஏற்றுவோம்.
அடுத்த ஊரில் பள்ளிக்கூடமோ நெற்சங்கமோ,
வாசலில் கட்டியதும் அது ஆஸ்பத்திரி.
ஆறாம் தடவை கட்டக் கம்பி இல்லை,
சேலைன் குழாயால் கட்டினோம்.
ஏழாம் தடவை பலகை வந்துசேரவில்லை.
காயக்காரர் வந்தார்கள்.

ஆறு மாதப் பயிற்சி என்றார்கள், நாலாம் மாதம் பாடம் நின்றது.
ரோச் அடிக்கக் கூடாத இரவுகளில்
நீர் வற்றிய பிள்ளைகளின் நாளங்களை
விரல் நுனியால் தேடிப் பழகினேன்.
அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை:
ஊசியோடு குனிந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும்.
நேற்று, டெங்குவோடு வந்த பாண்டியன்குளத்துக்காரர்
கையைப் பறித்துக்கொண்டார்.
"கண்ணைத் திறந்து குத்துங்கோ மிஸ்ஸி!"
திறந்தேன். பிழைத்துவிட்டது.
மூடினேன். ஏறியது.

இதை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
கையெழுத்திட வேண்டியவர்களில் ஒருவர்
ஒஸ்லோவில் பெற்றோல் அடிக்கிறார்.
மற்றவர் எங்கே என்று
அவருடைய மனைவி இன்னும் என்னைத்தான் கேட்கிறா.

இறப்பர் முத்திரை மட்டும் என்னிடம் இருக்கிறது,
பால்மா டின்னுக்குள்.
ஒருநாள் அதை நீல மையில் தோய்த்து
உள்ளங்கையில் குத்திப் பார்த்தேன்.
எழுத்துகள் பாதிதான் விழுந்தன.
சத்திரசிகிச்சைக்குப் போவதுபோல
முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சம்பளச் சிட்டையில் நான் 'துப்புரவு உதவியாளர்'.
கடைசியாக வந்த தாதி யசோதினி, நல்ல பிள்ளை,
ஏழு மாதத்தில் மாலைதீவுக்குப் போய்விட்டா.
அங்கேயும் மூன்று வருசம் கேட்டார்களாம்.
டொக்டர் மூன்றரை என்று எழுதிக் கொடுத்தார்.

எழுதி முடித்தேன். மூன்று வருடம். கட்டாயம்.
பிளாஸ்டர் நாலு துண்டு வெட்டி ஒட்டினேன்.
பாண்டியன்குளத்துக்காரர் சேலைன் கம்பியை உருட்டிக்கொண்டு
வாசலுக்கு வந்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.
"நீங்கள் விட்டிட்டுப் போறியளோ மிஸ்ஸி?"
"இல்லை. இந்த வேலைக்கு எனக்கு அனுபவம் காணாதாம்."

கையைத் தூக்கி, விழுந்து விழுந்து சிரித்தார்.
குழாயில் இரத்தம் பின்வாங்கி ஏறியது.
கையைக் கீழே வைக்கச் சொன்னேன்.