சொத்து விவரம்

காவேரிப்பட்டணம் பத்திர ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் கடை.
இருபத்தாறு வருஷமாக
அடுத்தவர் நிலத்துக்கு எல்லை எழுதிப் பிழைக்கிறேன்.
கிழக்கே முனியப்பன் கிணறு, மேற்கே வண்டிப்பாதை,
வடக்கே ஏரிக்கால்வாய், தெற்கே தகராறு.
(தகராறை எழுதுவதில்லை. தெரியும், அவ்வளவுதான்.)

திம்மராயன் வந்தபோது கரண்ட் இல்லை.
மாங்கூழ் ஆலைக்காரர்.
பின்னால் கட்டைப்பையோடு நாகவேணி.
"புக்கெட்டுல ஒரு வீடு வாங்கிட்டேன்" என்றார்,
போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு பிடித்த குரலில்.

ஏழாவது மாடி. கடல் தெரியும்.
படத்தில் தெரிந்தது.
ஒசூர் ஓட்டலில் உட்காரவைத்து
சமோசா கொடுத்து விற்றிருக்கிறார்கள்.
"ஏழு சதவீதம் அங்கிள்,
நீங்க தூங்கும்போதே வந்து விழும்."
சீசனில் பாய்லர் அணைந்துவிடுமோ என்று
தூங்காத மனிதரிடம்.

நாற்பத்திரண்டு பக்கம்.
பாதி இங்கிலீஷ்; மீதி
தெலுங்குமில்லாத கன்னடமுமில்லாத
எங்கள் ஊர்க் கண்ணுக்குப் பழகாத வளைவுகள்.
என் பழைய சொற்களைத் தேடினேன்.
சந்திர சூரியர் உள்ளவரை, இல்லை:
முப்பது வருஷம் வரை.
புத்திர பௌத்திர பாரம்பரியமாய், இல்லை:
புதுப்பித்தால் உண்டு,
புதுப்பிக்கக் கட்டணம் உண்டு.
வில்லங்கம் பார்க்க அங்கே
எந்தச் சன்னலில் நிற்பது என்று கேட்டேன்.
"அந்தப் பையன் வாட்ஸப்புல இருக்கான்."

அவர் வந்தது அதற்கல்ல.
பாகம் எழுத வேண்டும்.
ஆலை பெரியவனுக்கு,
ராயக்கோட்டை ரோட்டு மனை சின்னவனுக்கு.
புக்கெட் பொது.
சொந்தக்காரர் வருஷத்தில் பதினாலு நாள்
சும்மா தங்கலாம் என்றிருக்கிறது,
அதைப் பிரிக்க வேண்டும்.
பெரியவனுக்கு ஆறு. சின்னவனுக்கு ஆறு.
கோகிலாவுக்கு?
ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.
"ரெண்டு போதாதா?
மாப்பிள்ளை கடலூர்தானே,
அங்கேயே கடல் இருக்கே."

ஆறும் ஆறும் ரெண்டும் பதினாலு.
கணக்கு சரி. கரண்ட் வந்தது.
அப்போதுதான் முப்பத்தோராம் பக்கத்தின் அடியில்
பொடி எழுத்தைப் பார்த்தேன்.
அந்தப் பதினாலு நாளும்
மே முதல் செப்டம்பருக்குள் மட்டும்.
அங்கே மழைக்காலம். கடலில் சிவப்புக் கொடி.
இங்கே பெங்களூரா பழம்,
ஆலை வாசலில் லாரி வரிசை.
படித்துச் சொன்னேன்.
திம்மராயன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.
தன் வீட்டில் தனக்கு ஒரு நாளும் இல்லை,
யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

நாகவேணி அதுவரை பேசவில்லை.
"பதினாலு நாளும் மழையா?"
"அப்படித்தான் போட்டிருக்கு."
"விடாமலா?"
"அதெல்லாம் பத்திரத்துல வராதுக்கா."
எழுநூறு அடி இறங்கிய போர்வெல்
புழுதி மட்டும் ஊதிய வருஷம்,
டேங்கர் வரும் திசையில் இவள்
குடத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.
ஆலை வைத்திருந்தவள்தான், அப்போதும்.

"அப்ப அந்த நாளை என் பேருக்கு எழுதும்மா.
பசங்க வேணும்னா
வெயில் காலத்தைக் காசு குடுத்து வாங்கிக்கட்டும்."

திரும்ப அடித்தேன்.
மேற்கே கடல், கிழக்கே லிப்ட்,
வடக்கே படிக்கட்டு, தெற்கே யாரோ ஒரு ரஷ்யர்.
கீழே ஆறாம் மாடி, மேலே எட்டாம் மாடி.
மண் எங்குமே வரவில்லை.
பழக்கத்தில் விரல்
மாவடை மரவடை என்று அடித்துவிட்டது;
அழிக்கப் போனவள்
பக்கத்தில் மழை என்று சேர்த்தேன்.
அவர் கவனிக்கவில்லை.

எழுத்துக்கூலி எண்ணூறு.
நாகவேணி கட்டைப்பைக்குள் கைவிட்டு
அவள் பணத்தை எடுத்தாள்.
எண்ணிக்கொண்டே கேட்டாள்:
பாஸ்போர்ட் எடுக்க
எத்தனை போட்டோ வேணும்?