வலது தோளில்

லியபாயா துறைமுகத்தில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மீன் டப்பா ஆலையின் மூன்றாம் வரிசையில்
மூடி அழுத்தும் இயந்திரம்
என் இடக்கையிலிருந்து இரண்டரை விரல்களை
எடுத்துக்கொண்ட அன்றும்
வெளியே அது வீசிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அரை விரலைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள்.
முழுசாய்ப் போன இரண்டை
யாரும் விசாரிப்பதில்லை.

நல்ல வில் ஒன்று வாங்கத்தான்
அந்தக் கோடையில் வேலைக்குப் போனேன்.
நஷ்டஈட்டில் மூன்று வில் வாங்கலாம்.
தந்தியை அழுத்தத்தான்
விரல் இல்லை.

மருத்துவர் நல்லவர்.
பாடலாமே, என்றார்.
எனக்குப் பாட வராது.
சொல்லிக்கொடுக்கலாமே, என்றார்.
எனக்குப் பொறுமை கிடையாது.
கடைசியில் அவர் எழுதிய சீட்டில்
தூக்க மாத்திரை மட்டும் இருந்தது.

இமாந்த்ஸ் படகுக்கும் கித்தாருக்கும்
ஒரே அடுப்பில் பசை காய்ச்சுபவன்.
வயோலாவை வலது தோளுக்கு மாற்றிவிட்டால்
போதுமா, என்று கேட்டேன்.
சிரித்தான்.
உள்ளே ஒரு தூண் நிற்கிறது,
ஒரு விட்டம் ஓடுகிறது,
தோளை மாற்றினால்
அவை மாறிவிடுமா?

மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தான்.
விட்டத்தைச் சீவி எடுத்து
அந்தப் பக்கம் ஒட்டினான்.
தூணை இந்தப் பக்கம் நகர்த்தினான்.
மூடியபின் வெளியே ஒன்றும் தெரியவில்லை.
பிரித்தவனுக்குத்தான் தெரியும்,
இதற்கு இதயம் வலப்புறம்.

வில்லை இடக்கையோடு சேர்த்துக் கட்ட
செருப்புக் கடையில் தோல்வார் தைத்தேன்.
வலக்கை விரல்கள்
முப்பத்தொரு வயதில் பாலர் வகுப்புக்குப் போயின.
இதுவரை வில்லை மட்டும் தெரிந்த விரல்கள்,
எசமானியம்மாள் சமையலறைக்குள் வந்ததுபோல்
எது எங்கே என்று தெரியாமல் தடவின.

கீழ்வீட்டு வெல்தா
துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள்.
இடிக்க இடிக்க
அதன் தாளத்திலேயே பயின்றேன்.
நான்காம் ஆண்டு இடி நின்றது.
நான் தேறிவிட்டேனா
அவள் வீடு மாறிவிட்டாளா
என்று போய்ப் பார்க்கவில்லை.

தேர்வு, திரைக்குப் பின்னால்.
காலடி ஓசையில் ஆளை அறியாதிருக்கத்
தரையில் கம்பளம் விரித்திருந்தார்கள்.
திரைக்குப் பின்னால் எல்லோருக்கும் பத்து விரல்.
என் பெயர், பதினொன்று.

பதினொன்று வேண்டும், என்றது ஒரு குரல்.
ஐயமில்லாமல் பதினொன்று, என்றது இன்னொன்று.
பிறகு திரையை விலக்கினார்கள்.

அந்த மௌனத்தை நான் எண்ணினேன்,
இசைக்கிறவர்களுக்கு ஓய்வையும் எண்ணும் பழக்கம்.
ஏழு அடி.
நடத்துநர் கைகுலுக்க வந்து
எந்தக் கையை என்று தடுமாறினார்.
கண்ணாடியில் மழை வழிக்கும் தண்டுகள்
ஒன்று மட்டும் எதிரே வந்தால்
எப்படி இருக்கும், யோசியுங்கள்,
என்று மெதுவாய்ச் சொன்னார்.
பக்கத்து ஆளின் கண்ணைக் குத்திவிடுமே.

மேடைக்குப் போய்க் காட்டுகிறேன், என்றேன்.

வயோலாக்கள் வலப்புறத்தில் உட்காருவார்கள்.
மேடையின் விளிம்பு அது.
அங்கே என் வில் குத்துவதற்கு
காற்றைத் தவிர யாரும் இல்லை.
இன்னொன்றும் உண்டு.
அந்தப் பக்கம் உட்காரும் எவருடைய வாத்தியமும்
ஜனங்களுக்கு முதுகைக் காட்டிப்
பின்சுவரோடுதான் பேசும்.
வலது தோளில் இருப்பதால்
என்னுடையது மட்டும்
அரங்கத்தைப் பார்க்கிறது.

நடத்துநர் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்து கேட்டார்.
நடு வரிசைக்கு வந்தார்.
ஒன்றும் சொல்லாமல்
கோட்டை மாட்டிக்கொண்டு
அலுவலக அறைக்குள் போய்த்
தாள்களோடு திரும்பினார்.

முதல் கச்சேரி, அக்டோபர், வெள்ளிக்கிழமை.
இரண்டாம் பகுதியில் ஒரு சுரத்தில் வழுக்கினேன்.
முன்வரிசையில் ஒரு கம்பளித் தொப்பி
சட்டென்று நிமிர்ந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து
ஒரு பிழை இவ்வளவு தெளிவாய்
இருபது வருஷத்தில் கேட்டதில்லை,
என்றான் இடைவேளையில் ஆல்டிஸ்,
தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து
எந்தக் கையில் தருவது என்று யோசிக்காமல்
என் மடியில் வைத்து.