தார்க் கணக்கு

வலி எத்தனை மணிக்குத் தொடங்குச்சுன்னு
பேனாவைத் திறந்து வெச்சுட்டுக் கேக்கறீங்க.
அந்தக் கட்டத்துக்குள்ள ஒரு மணிதான் கொள்ளும், பார்த்தேன்.
எதை எழுதச் சொல்றதுங் சிஸ்டர்?

வயிறு எறங்கினது போன வெசாழன்.
அதுவரைக்கும் தறி மேல குனிஞ்சா படமரம் இடிக்கும்.
அன்னைக்கு இடிக்கலை.
மூச்சு அடிவரைக்கும் போயிட்டு வந்துச்சு,
ரெண்டு இட்டிலி சேத்தித் தின்னேன்.
ஒண்ணுக்குத்தான் ஓடி ஓடி மாளலை.
மொதலாளி கேமராவுல பார்த்துட்டுப் போன் போட்டாரு:
"பூங்கொடி, நாலு தறியும் நிக்குது."

சனிக்கெழமை ராத்திரி வந்தது ஏமாத்து வலி.
இழுத்துப் பிடிச்சுது, விட்டுச்சு, அப்பறம் ஆளையே காணோம்.
பக்கத்து லைன் வீட்டு ஜோதிமணி
சீரகத்தைக் கருக வறுத்துத் தண்ணி ஊத்திக் குடுத்தா.
சூட்டு வலின்னா அடங்கும், பிள்ளை வலின்னா ஏறும்.
அடங்குச்சு.
எனக்கு வெக்கமாப் போச்சுங்,
பையைத் தூக்கிட்டு ஓடிப்போய்
வேற ஊரு பஸ்ஸுக்குக் கை காட்டின மாதிரி.

நேத்து வெடியால பொடக்காலியில
சளியாட்டம் ஒண்ணு, செம்மண் நெறத்துல இழை ஓடி,
பாவுல கட்டி தட்டின கஞ்சி மாதிரி.
பயந்து உங்களுக்குத்தான் போன் பண்ணினேன்.
இன்னைக்கும் வலி வரலாம், ரெண்டு நாளும் ஆகலாம்,
ரத்தம் எச்சாப் போனாலோ, தண்ணி போனாலோ,
அசைவு கம்மியானாலோ அப்பவே வந்துருன்னீங்க.
அசைவு கம்மியில்லீங்.
உள்ள யாரோ பாயைச் சுருட்டி
மூலையில சாத்தற மாதிரி இருந்துச்சு.

ரெண்டு நாள்னா ரெண்டு நாள் கூலி. இன்னைக்கும் வேலைக்குப் போனேன்.
தப்புதான். அதையும் எழுதிக்கோங்க.

பொழுதோட நடு முதுகுல புடிச்சுது,
முன்னால சுத்தி வந்து
தொப்புளுக்குக் கீழ முடிச்சுப் போட்டுச்சு.
உக்காந்தும் போகலை, நடந்தும் போகலை.
என் போன்ல சார்ஜ் இல்லை.
சுவத்துக் கடியாரம் பஞ்சு அடைச்சுத் தீவாளிக்கே நின்னுபோச்சு.
ஒண்ணாம் நம்பர் தறியைப் பார்த்தேன்.
ஒரு வலி. ஏழு தார் தீர்ந்துச்சு. மறு வலி.
அப்பறம் அஞ்சு. திரும்பவும் அஞ்சு.
நடுவால ஒருக்கா ஆறு, சந்தேகப்பட்டேன்.
அப்பறம் மூணு.
காலித் தார்க்குச்சியைச் சன்னல்ல அடுக்கி வெச்சேன்,
என்னைவிட அது நெசம் பேசும்.

மூணுலயே நிக்கறப்பத்தான் கரண்ட் போச்சு.
சாமளாபுரத்துல எங்க தெரு மொத்தமும் ஒரே மூச்சுல அணைஞ்சுது.
பொறந்ததுல இருந்து கேட்ட சத்தம்,
அது நிக்கறப்பல்லாம் காதுல பள்ளம் விழும்.
அக்கட்டால இருந்து தனபால்,
"நல்லதாப் போச்சு, சித்த உக்காரு"ங்கறாரு.

எண்ண ஒண்ணுமில்லாத இருட்டு.
அதுலயும் தவணை தப்பாம வந்துச்சு பாருங்க,
எந்த மோட்டரும் ஓட்டாத வலி.
அப்பத்தான் நம்பினேன்.

அடுத்ததுக்குள்ள கால் வழியா வெதுவெதுன்னு.
தனபால் செல் வெளிச்சத்தைத் தரையில அடிச்சு,
"குடம் சாஞ்சுருச்சா"ன்னாரு.
சாஞ்சுதுங். பனிக்குடம்.
வெளுப்பாத்தான் இருந்துச்சு, பச்சை இல்லை,
நீங்க சொன்னதாலயே குனிஞ்சு பார்த்தேன்,
குனியறது லேசில்லை.

நூத்தியெட்டு வந்து வாசல்ல திரும்பறப்பக் கரண்ட் வந்துருச்சு.
விசையை அமத்த மறந்த ரெண்டாம் தறி
ஆளில்லாம ஓடுது.
நெய்யுதோ, அறுத்துப் போடுதோ.
இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கும்,
அவர் இங்க வராண்டாவுல நிக்கறாரே.

மணிதானுங்? வெசாழன்னு போட முடியாதா.
அப்ப ஏழரைன்னு போடுங்க, கரண்ட் போன நேரம்,
இல்லீங், அதுக்கு முன்னாலயே,
இருங்க.

இருங்க.

பேனாவை மூடிட்டுக் கையைக் குடுங்க.