உப்பு கம்மி

ராத்திரி முழுக்க
டார்ச் அடித்துக் கண் பார்த்தேன்.
மூன்று நாற்பதுக்கு எட்டாம் கட்டிலில்
பாவை சுருங்கவில்லை.
நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு
இமையை இழுத்து மூடினேன்.
இரண்டாம் தடவையும் இழுக்க வேண்டியிருந்தது.

ஆறு மணிக்குக் காசிமேட்டில்
அதே விரலால் செவுள் தூக்குகிறேன்.
ரத்தச் சிவப்பு.
கிழங்கானின் கண்
இன்னும் தண்ணிக்குள்ளேயே இருப்பதாக
நினைத்துக்கொண்டிருக்கிறது.
"இப்பத்தான் போட்லேர்ந்து எறங்குச்சு,
கண்ணப் பாரு சிஸ்டர்" என்கிறாள் தேசம்மா.
கண் பார்க்க எனக்கா சொல்லித்தர வேண்டும்?

புரட்டாசி.
பாதி ஊர் வாயைக் கட்டிக்கொண்டதில்
மீன் பாதி விலை.
கூறு இருநூறு என்றவள்
நூற்றைம்பதுக்கு இறங்கி
மேலே ஒரு சங்கராவை வீசினாள்,
என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு.

பழைய வண்ணாரப்பேட்டை, இரண்டாம் மாடி.
கஜபதி முள்ளுக்கத்திரியை நாலாக வகிர்ந்து
தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார்.
ரேஷன் கடை மதில் தாண்டித்
தெருவுக்குச் சாய்ந்த முருங்கையில்
எட்டிப் பறித்த காய் மூன்று.
"எத்தனை பேர்?" என்கிறார், தினமும் கேட்பதுபோல.
"ஒருத்தர்."
சின்ன வெங்காயத் தட்டை
என் பக்கம் நகர்த்துகிறார்.
அதை உரித்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

வெந்தயம் பொரிந்து, வெங்காயம் வதங்கி,
தக்காளி கரைந்து, காய்கள் புரண்டு,
மிளகாய்த்தூளும் புளியும் இறங்கி
குழம்பு முதல் கொப்புளம் விடும்போது
நீலம் மஞ்சளாகி
மஞ்சள் ஒரு மொட்டாகி
பொத்.
அடுத்த சிலிண்டர் வெள்ளிக்கிழமை.

சட்டியைத் துண்டால் பிடித்து நான் முன்னே,
கழுவிய மீன் தட்டோடு கஜபதி பின்னே,
மூன்றாம் மாடிக்கு ஏறினோம்.
பதினெட்டுப் படிக்கும் ஒரு பூனை கூடவே வந்தது.

குமுதவல்லி நெற்றியில் திருமண்.
வாசலில் துளசி.
எங்களைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள்,
பெருமாள் படத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.
"சின்ன பர்னர்ல வை.
என் கரண்டிய மட்டும் தொடாத."
"மீன் கொழம்புக்குக் கரண்டியே வாணாங்க."

கத்திரித் தோல் ஊதா இழந்து
முருங்கை நகம் பட்டால் பிளக்கும் பதத்தில்
ஓரத்தில் எண்ணெய் பிரிந்தது.
அப்புறம்தான் மீன்.
ஒவ்வொன்றாக, படுக்க வைப்பதுபோல.
கிளறக் கூடாது,
இரண்டு காதையும் பிடித்துச்
சட்டியைத்தான் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.
ஐந்து நிமிஷத்தில் சங்கராவின் கண்
வெள்ளை மணியாகத் திரண்டது.
இதற்கு நேரம் எழுத வேண்டியதில்லை.

முந்தானையால் மூக்கைப் பொத்தி
கதவோரம் நின்றிருந்தாள் குமுதவல்லி.
முந்தானை எப்போது நழுவியதென்று
நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.
நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள்.
"உப்பு கம்மி."

கஜபதி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு
நக்கிப் பார்த்தார்.
கம்மிதான்.

அலமாரி திறந்து அவளே எடுத்தாள்
கல்லுப்பு ஜாடியை.
கை படாமல்
மேலே பிடித்துக் கொட்டினாள்.