மூன்று கால் நெருப்பு

குருநகரில் ஜெறோமின் பட்டறையில்
மூன்று சட்டி காட்டினான்.
லொறி றிம்மில் ஒன்று,
தூக்க இரண்டு ஆள் வேணும்.
கல்வனைஸ் வாளியை அறுத்துச் செய்தது ஒன்று,
வடிவுதான்; சூடேறினால் பூச்சு புகையாய் எழும்பி
நெஞ்சுக்குள் போகும், வேண்டாம் என்றேன்.
மூன்றாவது,
வோசிங் மெசினின் வயிற்றிலிருந்து கழற்றிய உருளி.
உடம்பெல்லாம் ஓட்டை.
யாரோ வீட்டுச் சாறங்களைப் பத்து வருடம்
சுழற்றிய களைப்பில் குப்புறக் கிடந்தது.

பிளாஸ்ரிக் வளையத்தைக் கழற்று,
கால் வை என்றேன்.
“கால் எதுக்கு அக்கா,
நிலத்தில ஒரு குழி வெட்டினா காசும் மிச்சம்.”
எங்கள் வளவை நாங்கள் ஆழமாய்க் கிண்டுவதில்லை.
சொல்ல முதலே
அவன் கம்பியை அறுக்கத் தொடங்கிவிட்டான்.
முழ உயரத்தில் மூன்று கால்.
மூட ஒரு கம்பிவலை.
“யாழ்ப்பாணத்தில குளிர் காயப் போறியளோ?”
சிரித்தபடி முகமூடியை இறக்கினான்.

மார்கழி. வெப்பமானியில் இருபத்துமூன்று.
இதைக் கூதல் என்று சொல்ல
எனக்கும் கொஞ்சம் வெட்கம்தான்.

இடம் பார்க்கவே இரண்டு பின்னேரம் போனது.
விறாந்தைக்குள் கூடாது.
முருங்கைக்குக் கீழே கூடாது.
கிழக்கே பவளகாந்தன் வீட்டுக் கிடுகு வேலி,
ஒரு பொறி போதும்,
மூன்று பரப்பும் ஒன்றாய்ப் போகும்.
வேலியிலிருந்து பதினைந்து அடி அளந்து
சீமெந்துக் கல் பரவினேன்.
சுற்றி அடுக்கவென்று ரமணீதரன்
கடற்கரையிலிருந்து முருகைக்கல் கொண்டுவந்தார்.
நனைந்த கல் நெருப்பில் வெடிக்கும் என்றேன்.
“கல்லுமோ?”
கல்லும்தான்.
உள்ளே ஈரம் இருந்தால் எதுவும்.
பேசாமல் கொண்டுபோய்க் குரோட்டனடியில் அடுக்கினார்.

பூவரசு இன்னும் பச்சை, கண்ணை எரிக்கும்.
பன்னாடை கெதியாய்ப் பற்றும், கெதியாய்ப் பறக்கும்.
ஊமல்தான் சரி,
சத்தம் போடாமல் வெகுநேரம் சிவந்து கிடக்கும்.
ஒரு வாளி மணல். ஒரு வாளி தண்ணீர்.
நைலோன் சட்டையை மாற்றிப் பருத்தி.
மண்ணெண்ணெய்ப் போத்தலைக்
குசினி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித்
திறப்பை இடுப்பில் செருகினேன்.

“உமக்குப் பயம் கூட” என்றார்.

பயமில்லை.
பதினாறு வருடம் தீக்காய வாட்டில் இரவு வேலை.
அணையப்போன நெருப்புக்கு எண்ணெய் ஊற்றிய கை
எப்படி வந்து சேரும் என்று தெரியும்.
சட்டை எது தோல் எது என்று
சேலைன் விட்டு விட்டுப் பிரித்திருக்கிறேன்.
அடுப்பு வெடித்ததென்று எழுதுங்கோ என்று
கதவடியில் நின்ற புருஷன்மாரையும் தெரியும்.
நெருப்பு போன பிறகுதான்
ஒவ்வொருமுறையும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.
அதன் முகத்தை நான்
ஆறுதலாக இருந்து பார்த்ததில்லை.

இன்று லீவு.

ஊமல் பிடித்தது.
உருளியின் ஓட்டைகளால் வெளிச்சம் பொட்டுப் பொட்டாய்
என் காலில், அவர் சாறத்தில், சீமெந்தில்,
சின்னமுத்து போட்டதுபோல.
கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கோ என்றேன்.
இழுத்தார்.
வேலிக்கு அப்பால் ஒரு இருமல்.
“என்ன மணக்குது?”
“ஊமல்.”
“ஆ.”
பிறகு அங்கேயும்
ஒரு கதிரை இழுபடும் சத்தம்.

பத்து மணிபோலக் காற்றுத் திரும்பியது.
வலையை மூடினேன்.
தணலைப் பரப்பித்
தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளித்து,
கிளறி, மறுபடியும் தெளித்து,
புறங்கையை மேலே பிடித்துப் பார்த்தேன்
காய்ச்சல் பார்ப்பதுபோல.

இன்னும் இருந்தது.

நீங்கள் போய்ப் படுங்கோ என்றேன்.
இரவு முழிப்பது
எனக்கென்ன புதிதா.