புகார் எண் பதினேழு

சேதராப்பட்டில், பேட்டரி கம்பெனிக்குப் பின்னால்
தகரக் கூரைக்குக் கீழே
நான் இரண்டு விதமாகத் தைக்கிறேன்.

ஒன்று, பிரியவே கூடாதது.
தோள் பட்டை, தொடைப் பட்டை,
முதுகில் இரும்பு வளையம் உட்காரும் இடம்.
கறுப்புப் பட்டையில் மஞ்சள் நூல்.
அழகுக்கு இல்லை.
ஒரு கண்ணி அறுந்திருந்தாலும்
ஏறப்போகிறவன் கண்ணில் பட வேண்டும்.

மற்றது, பிரிவதற்கென்றே தைப்பது.
பட்டையை மடித்து மடித்து
புடவைக் கொசுவம் போல அடுக்கி
அளந்த பலத்தில் ஓட்டும் நூல்.
விழுகிறவனின் வேகத்தை
ஒவ்வொரு கண்ணியாக அறுந்து அறுந்து
அது வாங்கிக்கொள்ளும்.
கொஞ்சம் கெட்டியாகத் தைத்துவிட்டால்
கயிறு நிற்கும், முதுகெலும்பு நிற்காது.
சட்டைக் கம்பெனியில் ஒன்பது வருஷம்
தையல் விட்டால் திட்டு வாங்கியவள் நான்.
விட வேண்டிய தையலைப் பழக
எட்டு மாதம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை பொம்மையைத் தள்ளுவோம்.
நூறு கிலோ. முகம் கிடையாது.
யாரோ சாக்பீசில் மீசை வரைந்து
மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள்.
வாராவாரம் விழுகிறார் மாப்பிள்ளை,
ஒரு புகாரும் இல்லாமல்.

புகார் கடலூரிலிருந்து வந்தது.
சிப்காட்டில் ஏதோ சாயக் கம்பெனி, புகைபோக்கிக்குப் பெயிண்ட்.
பார்சலில் ஒரு பெல்ட், ஒரு தாள்:
"ஒரே தடவையில் தையல் பிரிந்துவிட்டது.
மாற்றித் தரவும்."
லூர்துராஜ் சார் அதை என் மேசையில் வைத்து
பூங்காவனம், உன் மிஷின்தானே, என்றார்.

என் மிஷின்தான்.
கொசுவம் எண்பத்திரண்டு சென்டிமீட்டர் அவிழ்ந்திருந்தது.
கடைசியில் ஒரு விரற்கடை மட்டும் அறாமல் மிச்சம்.
சிவப்புப் பெயிண்ட் தெறிப்பு.
வியர்வை உப்பு, வெள்ளைக் கோடாக.
தொடைக் கொக்கி கடைசித் துளையில்:
ஒல்லியான ஆள்.
லேபிளில் பால்பாயின்ட் பேனாவில், தேசிங்கு.

'குறைபாட்டின் விவரம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
குறைபாடு இல்லை. ஆள் விழுந்திருக்கிறார்.

அந்தத் தாளில் இல்லாத கட்டம் ஒன்று உண்டு.
அதை மட்டும் போனில் கேட்டேன்.
எத்தனை நிமிஷம் தொங்கினீங்க?

பிடித்து நிறுத்துவது பாதி வேலைதான்.
தொடைப் பட்டை அழுத்த அழுத்த
ரத்தம் காலிலேயே தங்கிவிடும்.
பாதத்தை ஊன்ற ஒரு வளையம் இருந்தால் போதும்.
மார்ச் மாதம் வரைந்து கொடுத்தேன்.
பத்தொன்பது ரூபாய் கூடும் என்று
திரும்பி வந்தது வரைபடம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்.
"யாரு நீங்க?"
தைச்சவ.
"பதினாலு நிமிஷம்மா. ஏணி வர்ற வரைக்கும்.
காலு ரெண்டும் என்னுது இல்லாத மாதிரி ஆயிடுச்சு.
உப்பனாறு தெரிஞ்சுது. அதுக்கு அந்தாண்ட கடலு.
டப்பா விழுந்துடுச்சேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.
டப்பாவுக்குக் காசு புடிச்சிட்டாங்க."

ஒருவனைத் தாங்கிவிட்ட பெல்ட்டை
வெட்டிப்போட வேண்டும், அதுதான் விதி.
இன்னொருவன் எடுத்து மாட்டிவிடக் கூடாது.
வெட்டினேன்.
மஞ்சள் தையல் மேல்
கத்தரி இரண்டு தடவை வழுக்கியது.

அடுத்த மாதிரியின் இடுப்போரம்
ஒரு சின்னப் பை, உள்ளே மடித்த கால் வளையம்.
லூர்துராஜ் சார் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார்.
இது என்ன?
கழிவுப் பட்டை சார், நூலும் மிஞ்சியிருந்தது.

மாப்பிள்ளைக்குப் பாதம் கிடையாது.
அதனால் இந்த வெள்ளிக்கிழமை
நானே மாட்டிக்கொண்டேன்.
தரையிலிருந்து நாலடி.
பக்கத்தில் ஏணி, ஏணியடியில் லூர்துராஜ் சார்,
எதிரே சுவர்க் கடிகாரம்.
மூன்றாவது நிமிஷம்
வளையத்தைத் தேடியது கால்.