மூன்றாவது ஓட்டை

மாடி வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதியபோது
இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
ஒன்பது விதி வைத்தேன்.
ஆணி அடிக்கக் கூடாது.
வாடகை ஐந்தாம் தேதி தாண்டக் கூடாது.
மொட்டை மாடியில் கருவாடு காயப்போடக் கூடாது.
மற்றவையும் கூடாதுதான்.
சுனிதா எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டாள்.
தக்கலை ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலை அவளுக்கு.
அழகியமண்டபத்தில் பஸ் இறங்கி நடந்து வரும்போதும்
கையில் ஸ்பிரிட் மணக்கும்.

ஆனி மழை பிடித்த வாரம் இறங்கி வந்து சொன்னாள்:
"அக்கா, பாத்ரூம் பைப்பத் தொட்டா சுருக்குன்னு கடிக்குது."
ஹீட்டர் போட்டாலா?
"ஆமா. கட்டெறும்பு மாதிரி."
செருப்புப் போட்டுக் குளி, என்றேன்.
அவ்வளவுதான்,
சீரியலுக்கு நடுவில் என் கடமை முடிந்தது.

மறுநாள் மாடிப்படியில் புதுசாக ஒரு ஜோடி,
நீல ரப்பர், என் உள்ளங்கை நீளம்.

ஐந்து வயது அபினேஷ் குளிக்கிற சத்தம்
வென்டிலேட்டர் வழியாக என் அடுக்களைக்கு விழும்.
ஒரு காலையில் தண்ணீர் சத்தம் இல்லை.
குரல் மட்டும்:
"அம்மா, நாய் உறங்கியாச்சா?"
எங்கள் வீட்டில் நாய் கிடையாது.
புட்டுக் குழலை இறக்கி வைத்தபிறகுதான் புரிந்தது
அவன் குழாயைக் கேட்கிறான்.

முளகுமூட்டிலிருந்து மரிய அற்புதம் வந்தார்.
டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு
அறை அறையாகப் பிளக் பெட்டியைத் திறந்தார்.
"மூணு ஓட்டை இருக்கு.
மூணாவதுக்குப் பின்னால கம்பியே இல்ல.
வாய் இருக்கு, தொண்டை இல்ல."
பிறகு பியூஸைக் கழற்றிக் காட்டினார்.
ஆணி கனத்துக்குச் செம்புக்கம்பி.
"இது எவன் கெட்டினது?"
நான்தான்.
முன்னால் இருந்தவர்கள் அடிக்கடி பியூஸ் போகிறது என்றார்கள்.
போகாதபடி கட்டிக் கொடுத்தேன்.
போவதுதான் அதன் வேலை என்று
பதினொரு வருஷம் எனக்குத் தெரியாது.

இவர் மஸ்கட்டிலிருந்து இரண்டு மாத லீவில் வந்து
கட்டிய மாடி.
வாசல்படி கிரானைட்டுக்கு
மூன்று கடை ஏறி இறங்கினோம்.
மண்ணுக்குள் போகிற கம்பியை
யார் பார்க்கப் போகிறார்கள்?

பதினெட்டாயிரத்து நானூறு ஆனது.
போனில் இவர் கேட்டார், "அவ பாதி தருவாளா?"
அட்வான்ஸில் கழிக்கலாமே என்று எனக்கும் தோன்றியது.
ஒரு ராத்திரி முழுக்கத் தோன்றியது.
எழுந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன்.
ஒன்பது விதியிலும் செய்யவேண்டியவள் அவள்.
வாங்குகிற இடத்தில் மட்டும் நான்.

கொல்லாமரத்து மூட்டில் வெட்டுகல் உடைத்துக் குழி எடுத்தார்கள்.
சிரட்டைக்கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு,
நடுவில் குழாய்.
தென்னம்பிள்ளைக்கும் இப்படித்தான் உப்புப் போடுவோம்.
பங்குனி வெயிலில் குடம் குடமாக ஊற்றும்போது
அடுத்த வீட்டு புஷ்பலீலா மதில் மேலாகக் கேட்டாள்,
என்ன நட்டிருக்க?
கரண்டு, என்றேன்.
அவள் நம்பவில்லை.

மீட்டருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வெள்ளைப் பெட்டி.
அதில் சின்னதாய் ஒரு பொத்தான்.
"மாசம் ஒருக்கா அமுக்கணும்,
டப்புன்னு விழணும்.
விழலன்னா அப்பவே என்னைக் கூப்பிடணும்"
என்று சொல்லிப் போனார் மரிய அற்புதம்.

ஐந்தாம் தேதி சாயங்காலம்.
சுனிதா வாடகையை எண்ணித் தருகிறாள்.
வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு
நான் போய் அமுக்குகிறேன்.
டப்.
பேன் தளர்கிறது, பிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்குகிறது,
மேலே கார்ட்டூன் பாதியில் செத்துப்போகிறது.

படியின் உச்சியில் வெறுங்காலோடு வந்து நின்று
அபினேஷ் என்னைப் பார்த்துக் கத்துகிறான்:
"நாயே!"

சுனிதா பதறி அவன் வாயைப் பொத்துகிறாள்.
விடு பிள்ளே, என்கிறேன்,
சுவிட்சை மேலே தள்ளியபடி.